"பாடம் கேட்டார்" என்றால் பாட்டுக் கேட்டார் என்று அர்த்தமா?

கெடிலக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு ரெண்டு நாளாக முழிக்கிறேன், தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

அம்மாவைப் பெற்ற தாத்தா திருப்பாதிரிப்புலியூரில் தொடக்கப்பள்ளி வாத்தியாராக இருந்தவர். 1948-லிருந்து நாலைந்து வருஷம் ஒரு நீளக் கணக்கு நோட்டில் தினமும் ரெண்டு மூன்று வரி எழுதி வைத்திருக்கிறார். நாட்குறிப்பு என்றும் சொல்ல முடியாது. பால் கணக்கும் அதில்தான், வீட்டுக்கு ஓலை மாற்றிய கூலியும் அதில்தான், நடுவில் ஒரு வெண்பாவும் அதில்தான். அதைத் தட்டச்சு பண்ணி குடும்பத்துக்குள் கொடுக்க நூறு பிரதி போடலாம் என்று இறங்கினேன். அச்சகத்தில் ஒரு வரியை அவர்களாகவே திருத்தி அனுப்பிவிட்டார்கள். தாத்தா எழுதியது, "பெரிய புலவரிடம் மூன்று வருஷம் பாடம் கேட்டேன்." மெய்ப்பில் வந்தது, "பெரிய புலவரிடம் மூன்று வருஷம் பாடல் கேட்டேன்." மூன்று வருஷமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாட்டுக் கேட்டிருக்கிறார் மனுஷர்!

போன் போட்டால், "சார், பாடம் படிப்பாங்க, பாடம் நடத்துவாங்க, பாடத்தை யாராவது கேப்பாங்களா? பாட்டைத்தான் கேப்பாங்க" என்கிறார் அச்சகத்துக்காரர். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் என் பெண்ணோ, "சொல்லிக்குடுங்கன்னு மூணு வருஷம் கெஞ்சிக் கேட்டிருப்பார்ப்பா" என்கிறாள்.

சரி என்று நோட்டை மறுபடி புரட்டினால் இந்தப் பாடம் எங்கே பார்த்தாலும் இருக்கிறது, ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி. அப்படியே தருகிறேன்:

"நன்னூல் எழுத்து பாடமாயிற்று. சொல் இன்னும் பாடமாகவில்லை."

"இவ்விடத்துப் பாடம் பிழை, ஏட்டில் வேறு பாடம் இருக்கலாம் என்றார்."

"சின்னவளுக்குப் பாடம் போட்டோம். இரவு தூங்கினாள்."

"பாடம் கேட்க வரும் பையன் அரை மூட்டை நெல் கொண்டுவந்தான். திருப்பி அனுப்பினேன்."

சின்னவள் என்பது என் அம்மா. அப்போது அவளுக்கு ஒன்றரை வயசு. ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு என்ன பாடம், அதுவும் தூங்கப் போகிற நேரத்தில்? அம்மாவிடம் கேட்டால் "எனக்கென்னடா தெரியும், நான் தூங்கிட்டேன்ல" என்கிறாள்.

வெட்டவெளி:

உங்கள் பெண் சொல்வதில் தப்பில்லை. கேட்டல் என்றால் யாசித்தல், அவ்வளவுதான். அந்தக் காலத்து வாத்தியார்கள் லேசில் சொல்லித்தர மாட்டார்கள், காலில் விழுந்து கேட்க வேண்டும். "கற்றேன்" என்று போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

பழைய மாணாக்கன்:

தயவுசெய்து "கற்றேன்" என்று மாற்றாதீர்கள். அச்சகம் ஒரு தப்புப் பண்ணியது, நீங்கள் இன்னொரு தப்புப் பண்ணிவிடுவீர்கள்.

நான் சிதம்பரத்தில் தமிழ் படித்து நெல்லிக்குப்பம் பக்கம் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பாடம் கேட்டல் என்பது ஒரு தனி வினை. அதை "பாடத்தை + கேட்டல்" என்று பிரித்தால் அர்த்தம் ஓடிப்போகும். ஒரு ஆசிரியரிடம் நேரில் உட்கார்ந்து ஒரு நூலை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அவர் வாயால் பொருள் சொல்லக் கேட்டுக் கற்பது, அதுதான் பாடம் கேட்பது. அதனால்தான் பழைய ஆட்கள் "தமிழ் பாடம் கேட்டேன்" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்த மாட்டார்கள். "இன்னாரிடம் இன்ன நூல் பாடம் கேட்டேன்" என்பார்கள். ஆள் பெயர், நூல் பெயர் ரெண்டும் வேண்டும். இன்றைக்குப் பட்டம் சொல்லும் வேலையை அன்றைக்கு அந்த ஒரு வாக்கியம் சொன்னது.

இதற்கு எதிர்ப்பக்கம் "பாடம் சொல்லுதல்". ஆசிரியர் பாடம் சொல்வார், மாணவன் பாடம் கேட்பான். பாடம் "நடத்துவது", "எடுப்பது" எல்லாம் கரும்பலகையும் மணி அடிக்கிற பள்ளிக்கூடமும் வந்த பிறகு பெருகிய பேச்சு. வேடிக்கை என்னவென்றால், பாடம் கேட்பவன் வாயை மூடிக்கொண்டு கேட்க மாட்டான். நூலைக் கையில் வைத்துக்கொண்டு மூலத்தைச் சத்தமாக வாசிப்பது அவன்தான். அவன் ஒரு பாட்டைப் படிப்பான், ஆசிரியர் பதம் பிரித்துப் பொருள் சொல்வார், அவன் அடுத்த பாட்டுக்குப் போவான். புத்தகம் ஒன்றுதான் இருக்கும், பல வீடுகளில் அதுவும் இரவல்.

உ.வே.சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871-இல் போய்ச் சேர்ந்து 1876-இல் பிள்ளை இறக்கும்வரை கூடவே இருந்து பாடம் கேட்டவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று கேட்டது ஒரு பெரிய பட்டியல். 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனபோது, அவர் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்க, இவர் அந்தப் பட்டியலை உற்சாகமாக ஒப்பித்தார். முதலியார் கொஞ்சமும் அசரவில்லை. இதனாலெல்லாம் என்ன பிரயோசனம், சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். சிந்தாமணியைப் பாடம் சொல்ல அப்போது ஆளே இல்லை. சாமிநாதையர் தானே முட்டி மோதி, சமணர்கள் வீட்டுக்குப் போய் விளங்காததைக் கேட்டுத் தெளிந்து, 1887-இல் அச்சிட்டார். யாரிடம் எதைப் பாடம் கேட்டாய் என்பது அந்த உலகத்தில் எவ்வளவு பெரிய கேள்வி என்று இதிலிருந்து தெரியும். பாடம் சொல்ல ஆள் அற்றுப்போனால் நூலே அற்றுப்போன மாதிரி.

வெட்டவெளி ஐயாவுக்கு ஒரு வார்த்தை. கேட்டலுக்கு யாசித்தல் என்ற பொருள் இருக்கிறது, மறுக்கவில்லை, ஆனால் இங்கே அது இல்லை. திருக்குறளில் கல்விக்கு ஒரு அதிகாரம், கல்லாமைக்கு ஒன்று, உடனே 42-ஆவதாகக் கேள்வி. "கற்றிலன் ஆயினும் கேட்க" என்கிறது குறள். அந்தக் கேள்வி வினாத்தாளில் வருகிற கேள்வி கிடையாது, காதால் பெற்ற அறிவு. நிறையக் கேட்டவரைக் கேள்விச் செல்வர் என்போம். உங்கள் தாத்தா கேட்டது அந்தக் கேட்டல்.

வெட்டவெளி:

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. காலில் விழுவது மட்டும் உண்மைதான், அதை விடமாட்டேன்.

சுவடிக்கட்டு:

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். பழைய ஏடுகளோடு கொஞ்ச நாள் மாரடித்தவன் என்பதால் "இவ்விடத்துப் பாடம் பிழை" என்ற வரி மட்டும் எனக்கு.

இந்தப் பாடம் வேறு. ஒரு நூலின் ஒரு இடத்தில் என்ன சொல் இருக்கிறது என்பதே அந்த இடத்துப் பாடம். ஒரு ஏட்டில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால் பாடபேதம், பாடவேறுபாடு. உரைகாரர்கள் ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதிவிட்டு "என்று பாடம் ஓதுவாரும் உளர்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போவார்கள். பரிமேலழகரிடம் இதைப் பார்க்கலாம். அந்த "ஓதுவார்" என்ற சொல்லைக் கவனியுங்கள். பாடம் என்பதே வடமொழியில் வாய்விட்டுச் சொல்லுதல் என்ற வினையிலிருந்து வந்தது. பாடம் வாயில் இருந்தது, பிறகு ஏட்டுக்கு இறங்கியது, ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் போகும்போது கை தவறியது.

எப்படித் தவறும் என்று ஒன்று காட்டுகிறேன். பனையோலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் கொம்பு ஒன்றுதான், கெ-யும் கே-யும் ஒரே வடிவம். ரெட்டைக் கொம்பு வழக்குக்கு வந்தது வீரமாமுனிவர் காலத்துக்குப் பிறகு. துணைக்காலும் ரகரமும் கிட்டத்தட்ட ஒன்று போலவே கிடக்கும். இப்போது உங்கள் தாத்தாவின் வாக்கியத்தையே ஓலையில் கீறிப் பாருங்கள். "பாடங் கேட்டார்" என்றும் படிக்கலாம், "பாடங் கெட்டார்" என்றும் படிக்கலாம். மூன்று வருஷம் புலவரிடம் இருந்து கற்றாரா, கெட்டாரா? இடம் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். உங்கள் அச்சகத்துக்காரர் பண்ணியதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். தனக்குத் தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றுவது ஏடு எழுதுகிறவர்கள் காலம்காலமாகச் செய்தது. "மயிர்நீப்பின் வாழாக் கவரிமா" என்ற குறள், சொல்பவர் பாதிப் பேர் வாயில் கவரிமான் ஆகிவிடவில்லையா? மா என்றால் விலங்கு, இமயத்துக் குளிரில் திரியும் மயிர் அடர்ந்த மாடு. மான் நமக்குப் பழக்கம், அதனால் மான்.

இந்த ஊரில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-இல் தொடங்கியது. அங்கே திரட்டியதில் சைவ ஆகமச் சுவடிகள் நிறைய. புதுச்சேரிச் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சுவடிகளை ஒப்பிட்டு நூலைப் பதிப்பிக்கிற வேலை என்றால் மேலே ரெண்டு வரி மூலம், கீழே பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் எந்தச் சுவடியில் என்ன பாடம் என்ற குறிப்பு. முதல் தடவை பார்ப்பவருக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். ஓலையில் எழுத்து மங்கியிருந்தால் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைப்பார்கள், கீறலுக்குள் கறுப்பு நின்று எழுத்து எழும்பி வரும். அந்த நேரத்தில் எலுமிச்சைப் புல் எண்ணெய் வாசனை அறை முழுக்க இருக்கும். அப்படி எழும்பி வந்த எழுத்து முந்தைய பதிப்பில் இருப்பதற்கு எதிராக இருந்தால் அன்றைக்கு டீ குடிக்கப் போகிறவர் யாரும் சீக்கிரம் திரும்பி வரமாட்டார்கள், சண்டை அங்கேயே நடக்கும்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் நூறு பிரதியில் தாத்தா எழுதியது எழுத்துப்பிழையாகவே உங்களுக்குத் தோன்றினாலும் மேலே அப்படியே போடுங்கள். உங்கள் கருத்தை அடியில் போடுங்கள்.

பலாமரத்தடி:

பண்ருட்டிக்காரி நான். பெரிய பெரிய விஷயமெல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் "சின்னவளுக்குப் பாடம் போட்டோம்" என்றதும் சிரித்துவிட்டேன், ஏனென்றால் எனக்கே போட்டிருக்கிறார்கள்!

குழந்தை பயந்துகொண்டால், காரணம் தெரியாமல் ராத்திரியில் வீறிட்டு அழுதால், ஊரில் பாடம் போடுகிறவர் ஒருவர் இருப்பார். எங்கள் தெருவில் ஒரு ஆயா. வேப்பிலைக் கொத்தை வைத்துத் தலையிலிருந்து கால்வரை இறக்கிக்கொண்டே வாய்க்குள் முணுமுணுவென்று ஏதோ சொல்லும், நடுநடுவே கொட்டாவி விடும், அந்தக் கொட்டாவி நம் மேல் இருந்த கண்ணேறு இறங்குவதாம். கடைசியில் நெற்றியில் திருநீறு. காசு வாங்காது, வாங்கினால் பாடம் பலிக்காது என்று சொல்லும், ஆனால் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளும். தேள் கடிக்கு, மஞ்சள் காமாலைக்கு என்று தனித்தனிப் பாடம் வைத்திருப்பவர்கள் உண்டு. (தேளோ பாம்போ கடித்தால் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், பாடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.)

நான் யோசித்த வரைக்கும் இதுவும் அதே பாடம்தான் என்று தோன்றுகிறது. ஆயா முணுமுணுத்தது ஒரு மந்திரம், அது எழுத்தில் கிடையாது, அதுக்கு அதன் மாமியார் சொல்லிக்கொடுத்தது, மனசுக்குள் இருப்பது. மேலே ஐயா சொன்ன மாதிரி வாய்விட்டுச் சொல்லுதல்தானே? சத்தம் மட்டும் வெளியே வராது.

இன்னொன்றும் இருக்கிறது, புகையிலையைப் பாடம் பண்ணுவது, தோலைப் பாடம் பண்ணுவது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் "பாடம் செய்யப்பட்ட புலி". சின்ன வயசில் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, புலி எந்த வகுப்பு வரைக்கும் படித்தது என்று அப்பாவிடம் கேட்டேனாம், இன்றைக்கும் வீட்டில் சொல்லிக் காட்டுகிறார்கள். இதற்கும் மனப்பாடத்துக்கும் உறவு உண்டா என்று யாராவது சொல்லுங்கள்.

பழைய மாணாக்கன்:

அம்மா, பாடம் போடுவதற்கு நீங்கள் சொன்ன விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. புலி விஷயத்தில் "கெடாமல் வைப்பதும் பாடம், மறக்காமல் வைப்பதும் பாடம்" என்று அழகாக ஒரு முடிச்சுப் போடலாம்தான், கைதட்டலும் கிடைக்கும், ஆனால் ஓசை ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து உறவு கட்டக் கூடாது. இதே ஆசையில்தான் எங்கள் ஊர்ப் பக்கம் சிலர் பாதிரிப்புலியூரின் பழைய பெயர் பாடலிபுத்திரம், பாடம் நடந்த ஊர் அதனால் பாடலி என்கிறார்கள். பாடலி என்பது பாதிரி மரம். ஆனால் பாடம் நடந்தது நிஜம். சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458-இல் அந்தப் பாடலிகையில்தான் சர்வநந்தி என்ற சமண முனிவர் லோகவிபாகம் என்ற நூலை எழுதி முடித்ததாக அந்த நூலின் இன்று கிடைக்கிற வடமொழி வடிவம் சொல்கிறது. பிறகு நாவுக்கரசர் சைவத்துக்குத் திரும்புமுன் தருமசேனராக இருந்ததும் அந்தச் சமணப் பள்ளியில்தான். நம் காலத்துக்குக் கிட்டே வந்தால் ஞானியார் மடத்தின் ஞானியார் சுவாமிகள். 1942-இல் மறைந்தார். அவரிடம் பாடம் கேட்டவர்கள் இந்தப் பக்கம் எங்கெங்கும் இருந்தார்கள். உங்கள் தாத்தா சொல்லும் பெரிய புலவர் அந்த வழியா, வேறு வழியா என்று நாம் இங்கிருந்து ஊகிக்க வேண்டாம்.

"நன்னூல் எழுத்து பாடமாயிற்று" என்பது எளிது. எழுத்ததிகாரம் மனப்பாடம் ஆகிவிட்டது, சொல்லதிகாரம் ஆகவில்லை. பொருள் தெரிவதற்கு முன்னால் சூத்திரம் பாடமாக வேண்டும். அது பழைய முறை, எனக்கு அதில் அரை மனசுதான். பொருள் தெரியாமல் உருப்போட்டு வளர்ந்தவர்களில் பலர் கடைசிவரை பொருளுக்குப் போகவே இல்லை என்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் பாடமாக இருந்தவர்களுக்கு ஒரு சௌகரியம், பேருந்தில் நின்றுகொண்டே யோசிக்கலாம்.

அந்த நன்னூலே படிக்கிறவனுக்கு என்னென்ன கடமை என்று சொல்லும்போது "பாடம் போற்றல் கேட்டவை நினைத்தல்" என்று அடுத்தடுத்து வைக்கிறது. பாடம் போற்றல் என்றால் மனப்பாடம் ஆனதை மறக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிக் காப்பது. கேட்டவை நினைத்தல் தனி. அதாவது இந்த ஒரே வரியில் உருப்போடுவதும் யோசிப்பதும் ரெண்டு வேலை என்று நன்னூல் எழுதிய பவணந்தியார் பிரித்துவிட்டார், நாம்தான் சேர்த்துக் குழப்புகிறோம்.

அப்புறம் ஒரு கணக்கு போடுகிறார், எனக்கு மிகவும் பிடித்தது. "ஆசான் உரைத்தது அமைவரக் கொளினும் காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்." வாத்தியார் சொன்னதை ஒரு சொல் விடாமல் வாங்கினாலும் கால் பங்குதான் தேறும். கூடப் படிப்பவர்களோடு பேசிப் பழகுவதில் இன்னொரு கால். மிச்சம் அரை? "செவ்விதின் உரைப்ப அவ்விரு காலும்." தான் இன்னொருவனுக்குச் செம்மையாகச் சொல்லும்போதுதான் அந்த ரெண்டு காலும் வந்து சேரும். அதாவது பாடம் கேட்டு முடித்தவனுக்குப் பாதிதான் கையில், மறுபாதி பாடம் சொன்னால்தான். நாற்பது வருஷம் வகுப்பில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

தம்புராக் கம்பி:

சங்கீதக்காரர்களை விட்டுவிட்டீர்களே! எங்களிடம் இந்தச் சொல் இன்னும் சாகவில்லை. "இந்தக் கிருதி யாரிடம் பாடம்?" என்றுதான் இன்றைக்கும் கேட்போம். ஒரே கீர்த்தனையை ரெண்டு பரம்பரை ரெண்டு விதமாகப் பாடினால் பாடாந்தரம் வேறு என்போம். சுவடிக்காரர் சொல்லும் பாடபேதத்துக்கும் இதற்கும் வித்தியாசம், எங்களுக்கு அது பிழை இல்லை, பெருமை. "எங்க பாடாந்தரத்துல அப்படித்தான்" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது, மேற்கொண்டு வாதாட முடியாது.

ஏரிக்கரை ஊர்:

பாகூர் பக்கத்துக்காரன். நெல் மூட்டை பற்றி யாரும் பேசவில்லையே.

நெல்லும் பாடமும் சேர்ந்தே வந்தவை. எங்கள் பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்லூரி மாதிரி ஒன்றுக்கு, மூன்று ஊர்களின் வருவாயைப் பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் எழுதிவைத்த செப்பேடு இருக்கிறது, 9-ஆம் நூற்றாண்டு. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் திருபுவனை. அங்கே முதலாம் இராசாதிராசன் காலத்து 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டு 260 மாணவர், 12 ஆசிரியர் என்று கணக்குச் சொல்கிறது. யார் யாருக்கு எவ்வளவு நெல் என்பது வரைக்கும் உண்டு. படிப்பவனுக்கும் சொல்பவனுக்கும் சோறு ஊரின் பொறுப்பு, பையன் தலையில் மூட்டையை வைத்து வாத்தியார் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. அந்தப் படிப்பு எல்லோருக்கும் கிடைத்ததா என்றால் இல்லை, வேதம் படிக்கிற பிராமணப் பிள்ளைகளுக்கானது, இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், பெருமை பேசும்போது இந்தப் பாதியை விழுங்கிவிடுகிறார்கள்.

அந்த நிலமெல்லாம் போன பிறகு பாடம் சொல்லிப் பிழைத்தவர்களுக்கு நெல்லும் காய்கறியும்தான் சம்பளம். அப்படியிருக்க ஒரு தொடக்கப்பள்ளி வாத்தியார் 1950 வாக்கில் அரை மூட்டை நெல்லைத் திருப்பி அனுப்பினார் என்றால் அது சின்ன விஷயம் இல்லை. அரிசி ரேஷனில் வாங்கிய காலம் அது. ஏன் திருப்பினார் என்று நோட்டில் வேறு ஏதாவது இருக்கிறதா? அந்தப் பையன் முதல்முதலாகப் பாடம் கேட்க வந்த நாளில் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்களேன்.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. முதலில் அம்மாவிடம் பாடம் போடுவதைப் படித்துக் காட்டினேன். "ஆமா, கொட்டாவி விடுவாங்க, கொட்டாவி விடுவாங்க" என்று ரெண்டு தடவை சொன்னாள். ஒன்றரை வயசில் நடந்தது எப்படி ஞாபகம் இருக்கும், பிறகு பார்த்ததாக இருக்கும். நான் வாதாடவில்லை.

ஏரிக்கரைக்காரர் சொன்னபடி பையன் வந்த நாளைத் தேடினேன். நெல் வந்த நாளுக்கு மூன்று வாரம் முன்னால் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தில் பையனைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்று நினைத்திருந்தேன், ஏனென்றால் அந்தப் பக்கம் முழுக்கப் பால் கணக்கு. காலைக்கு அரைப்படி, மாலைக்குக் கால்படி, பால்காரர் வராத நாளுக்கு ஒரு கோடு. அந்தக் கணக்குக்கு நடுவில், அதே பென்சிலில், அதே சாய்வில் ஒரு வரி:

"கால் ஆயிற்று. இன்னொரு காலும் ஆயிற்று. அரைக்கு இன்றுதான் ஆள் வந்தது."

இதை நான்தான் தட்டச்சுக்குக் கொடுக்கும்போது பால் கணக்கு என்று ஒதுக்கி, பின்னிணைப்பில் "வீட்டுச் செலவுகள்" என்ற தலைப்புக்குள் தள்ளியிருந்தேன். பழைய மாணாக்கன் ஐயா கால், கால், அரை என்று எழுதியதைப் படித்துவிட்டு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

காலையில் அச்சகத்துக்குப் போய்ப் பாடலை மறுபடி பாடமாக்கினேன். கூடவே இந்த வரியைச் செலவுப் பக்கத்திலிருந்து எடுத்து, "மூன்று வருஷம் பாடம் கேட்டேன்" என்பதற்கு அடுத்த பக்கத்தில் தனியாகப் போடச் சொன்னேன். அவர் திரையில் படித்துவிட்டு, "சார், பால் கணக்கை எதுக்கு இங்க போடறீங்க?" என்றார். அவர் பக்கத்தில் ஒரு முக்காலி கிடந்தது, இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன்.